கைதட்டக் கடமைப்பட்டவர்கள்

பேச்சுப் பயிற்சி மன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேசப் போகிறவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். அவர் மைக் முன்னால் போய் நிற்கிற வரை அது ஓயக்கூடாது. முடித்ததும் மறுபடி தட்ட வேண்டும். நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து யார் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று வாசித்தால் அவருக்கும் ஒன்று. 'ஆ', 'ம்' எண்ணியவர் எழுந்து கணக்கு ஒப்பித்தால் அவருக்கும் ஒன்று. ஒரு சாயங்காலம் நானும் எண்ணிப் பார்த்தேன். அந்த இடத்தில் எண்ணும் பழக்கம் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்தில் 34 கைதட்டல்கள். அதில் ஒன்றைக்கூட யாரும் சம்பாதிக்கவில்லை. எல்லாம் ரேஷன்.

இந்தக் கட்டுரை அந்த ரேஷனுக்கு எதிரானது. இன்னும் சரியாகச் சொன்னால், மேடைப் பயம் போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும் அந்த ரேஷன் வரிசையிலேயே நிற்பவர்களுக்கு எதிரானது.

யாரைத் திட்டவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் பக்கம் தமிழ்வழியில் படித்து, பொறியியல் கல்லூரிக்குப் போய், முதல் வைவாவில் விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் வேர்த்து நிற்கிற பிள்ளைக்கு இந்த மன்றங்கள் பெரிய உபகாரம். நானும் கிட்டத்தட்ட அந்த வகைதான். சிரிக்காத பத்துப் பேர் முன்னால் நாலு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்வது என்பது அந்த வயதில் சின்ன விஷயம் கிடையாது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற அமைப்பே அப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவின் புளூமிங்டன் ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த ரால்ஃப் ஸ்மெட்லி, அங்கு வரும் இளைஞர்களுக்குக் கூட்டத்தில் பேசவும் கூட்டம் நடத்தவும் வரவில்லை என்று கவனித்து 1905-லேயே ஒரு குழுவைத் தொடங்கிப் பார்த்தார். பிறகு 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில், இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் முதல் மன்றம் கூடியது. டோஸ்ட்மாஸ்டர் என்றால் விருந்தில் எழுந்து நின்று வாழ்த்துக் கூறுபவர். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முன் பேசுகிறவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1973 வரை ஆனது என்பது வேறு கதை.

கூச்சம் உடைவதற்குக் கைதட்டல் வேண்டும். குழந்தை நடக்கும்போது நாமும்தான் தட்டுகிறோம். பதினைந்து வயதுப் பையன் நடந்து போவதற்கு யாரும் தட்டுவதில்லை.

என் சண்டை அடுத்த மாடியில் இருப்பவர்களோடு. 'அட்வான்ஸ்டு கிளப்' என்று ஒரு வகை இருக்கிறது. அனுபவம் உள்ள பேச்சாளர்கள் மட்டும் கூடித் தங்கள் கலையை மெருகேற்றிக்கொள்ளும் மன்றம். சேர்வதற்கே ஏற்கெனவே இத்தனை பேச்சுகளை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். யோசனை கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல சமையல்காரர்கள் ஒன்றுகூடிச் சமைத்துப் பார்க்கிறார்கள், அதிலென்ன தப்பு? தப்பு என்னவென்றால், அங்கே பசியோடு யாரும் வருவதில்லை. எல்லோரும் சமையல்காரர்கள். ஒவ்வொருவரும் மற்றவர் சாம்பாரை நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, "பெருங்காயம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் துப்பிவிடுகிறார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு இந்த மாதிரிக் கூட்டங்கள் பல இணையவழியாகவும் நடக்கின்றன. கோட்டக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி அப்படி ஒன்றுக்கு விருந்தினராகச் சில மாதங்கள் போய்வந்தேன். எந்த மன்றம் என்பது வேண்டாம். டோஸ்ட்மாஸ்டர்ஸைச் சேர்ந்ததா, அதைப் பார்த்து யாரோ தொடங்கியதா என்பதுகூட வேண்டாம். ஒருநாள் ஒருவர் பேசினார். நல்ல குரல். ஒழுகும் கூரை, அம்மா பட்டினி கிடந்து மகனுக்குச் சோறு போட்டது, தெருவிளக்கு, பிறகு அமெரிக்க விசா. ஏழாவது நிமிஷத்துக்குப் பத்து விநாடி இருக்கும்போது குரலைத் தாழ்த்தி, வறுமை என்பது ஒரு மனநிலை மட்டுமே என்று முடித்தார். கைதட்டல். மதிப்பீட்டாளர் எழுந்தார். 'அம்மா' என்ற சொல்லுக்குப் பின் விட்ட இடைவெளி அபாரம் என்றார். கேமராவை இன்னும் கொஞ்சம் கீழே வைத்தால் கைகள் தெரியும் என்றார். மறுபடியும் ஒரு பாராட்டு சொல்லி முடித்தார். பாராட்டு, ஒரு குறை, பாராட்டு. இதற்கு சாண்ட்விச் முறை என்று பெயர். விருந்தினர்களும் கருத்து சொல்லலாம் என்றார்கள். நான், "வறுமை மனநிலைன்னா உங்க அம்மா பட்டினி கிடந்தது எதுக்கு? மனச மாத்திக்கிட்டிருந்தா போதுமே?" என்று கேட்டேன். கிண்டலுக்காகக் கேட்கவில்லை, அந்தப் பேச்சிலேயே அந்த ஓட்டை இருந்தது. ஒருங்கிணைப்பாளர் மிக மரியாதையாகச் சொன்னார்: "சார், கன்டென்ட்டுக்குள்ள போக வேணாம். டெலிவரி பத்தி மட்டும் சொல்லுங்க."

அன்றைக்குத்தான் இந்த அமைப்பின் இயந்திரம் எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலில் லின்டர் என்று ஒரு கருவி உண்டு. எழுதிய நிரலில் இடைவெளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, பெயர்கள் ஒரே பாணியில் இருக்கின்றனவா, வரி நீளம் மிஞ்சுகிறதா என்று பார்த்துச் சொல்லும். நல்ல கருவி, நான் தினமும் ஓட்டுகிறேன். ஆனால் அந்த நிரல் வாடிக்கையாளர் கணக்கில் ஒரே பணத்தை இரண்டு முறை எடுக்கிறதா என்று லின்டருக்குத் தெரியாது. அதற்கு டெஸ்ட் ஓட்ட வேண்டும். டெஸ்ட் என்பது நிரல் தோற்பதற்கு ஒரு வாய்ப்பை நாமே ஏற்படுத்திக் கொடுப்பது. மூத்த பேச்சாளர் மன்றத்தில் நேரம் பார்ப்பவர், இலக்கணம் பார்ப்பவர், 'ஆ' எண்ணுபவர், மதிப்பீட்டாளர், மதிப்பீட்டாளர்களை மதிப்பிடும் தலைமை மதிப்பீட்டாளர் என்று ஐந்து லின்டர்கள் இருக்கின்றன. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. ஒரு பேச்சு அங்கே தோற்க வழியே கிடையாது. நேரம் தாண்டலாம், அவ்வளவுதான். போட்டிகளில் ஐந்திலிருந்து ஏழு நிமிஷப் பேச்சுக்கு இரண்டு பக்கமும் முப்பது விநாடி சலுகை. அதையும் தாண்டினால் தகுதியிழப்பு. நீங்கள் பொய் சொன்னால் தகுதியிழப்பு இல்லை.

இந்த 'ஆ' எண்ணும் வேலையைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரொம்ப நாளாக உறுத்துகிறது. பேசும்போது வரும் 'ஆ', 'ம்', 'அதாவது', 'வந்து' எல்லாம் அழுக்கு என்பது இவர்கள் கொள்கை. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு உளமொழியியல் ஆய்வாளர்கள் 2002-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு நேரெதிராக வாதிட்டார்கள். ஆங்கிலத்தின் 'அ', 'அம்' இரண்டும் சொற்களே; முன்னது சிறிய தாமதம் வருகிறது என்றும் பின்னது பெரிய தாமதம் வருகிறது என்றும் கேட்பவருக்கு அறிவிக்கின்றன என்பது அவர்கள் வாதம். தமிழில் இது இன்னும் வெளிப்படை. "நான் வந்து…" என்று ஒருவர் இழுத்தால் அடுத்து வருவது அவருக்குக் கஷ்டமான விஷயம் என்று நமக்குத் தெரியும், காதைத் தீட்டிக்கொள்கிறோம். "என்ன சொல்ல வரேன்னா" என்றால், இதுவரை சொன்னது சரியாகச் சேரவில்லை என்று எனக்கே தெரிகிறது, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். இவை யோசித்துக்கொண்டே பேசுகிறவன் கேட்பவனிடம் காட்டும் மரியாதை. இவற்றையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது யோசித்து முடித்துவிட்ட ஆள், அல்லது யோசிக்காத ஆள். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஒலிப்பார்கள்.

நேரக்கட்டுப்பாட்டின் மேல் எனக்குப் புகார் இல்லை. பழைய ஏதென்ஸ் நீதிமன்றத்திலும் நீர்க்கடிகாரம் வைத்துத்தான் பேசவிட்டார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சு தீர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான நடுவர்கள் எழுந்து போய் வாக்களித்தார்கள். கி.மு. 399-இல் சாக்ரடீஸ் அந்த வாக்கில்தான் தோற்றார். அவருடைய கை அசைவு பற்றி யாரும் குறிப்பு எழுதித் தரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் கதைக்கே வருவோம். நவீனத் தமிழ் மேடைப்பேச்சின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது 1847 டிசம்பர் 31. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை. பிறகு வெள்ளிதோறும் தொடர்ந்தது. மெதடிஸ்ட் பாதிரியார் பீட்டர் பெர்சிவலோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை பார்த்து, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், ஆட்களை எப்படி இழுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். கற்றுக்கொண்ட வித்தையை அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் பிள்ளையை மிஷன் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவனும் இருந்திருப்பான். பேச்சு தோற்றால் அவன் எழுந்து எங்கே போவான் என்று நாவலருக்குத் தெரியும்.

1908-இல் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவா பேசிய பேச்சுகளைப் போலீஸ் குறிப்பெடுத்தது. மதிப்பீட்டாளர் நீதிபதி பின்ஹே. சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். தான் பேசியதற்கும் சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்குமாக வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. (அதே ஆண்டுதான் பாரதி பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனார். பிரிட்டிஷ் உளவாளிகள் காத்துக்கிடந்த அந்த எல்லையின் இந்தப் பக்கம்தான் எங்கள் ஊர். இன்றைக்கு அந்தக் கோட்டைத் தாண்டுவது மதுபான விலைக்காக மட்டும்.) 1944-இல் கடலூரில் ரிக்ஷாவில் போன பெரியார் மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி இன்னொன்றையும் வாங்கிக்கொண்டார் என்பது அவருடைய தொண்டர்கள் விரும்பிச் சொல்லும் கதை. மணிக்கணக்கில் பேசிய ஆள், அடுக்குமொழி கிடையாது, கொச்சை, திரும்பத் திரும்ப ஒரே விஷயம். நம் இலக்கணம் பார்ப்பவரும் நேரம் பார்ப்பவரும் அவரை முதல் கூட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் கேள்வி வாங்கிப் பதில் சொன்னவர் அவர்.

உடனே, "அப்போ நம்ம பட்டிமன்றமும் அரசியல் மேடையும் புனிதமா?" என்று கேட்பீர்கள். கிடையாது. எதுகை மோனையில் ஒரு தலைமுறையையே மயக்கத்தில் வைத்திருந்தவர்கள் நாம். மதுரையில் தொண்ணூறுகளில் களப்பணி செய்து, திராவிட மேடைத் தமிழைப் பற்றி 2009-இல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் பேட், செந்தமிழில் பேசுவது என்பதே எப்படித் தலைவனைச் சாதாரண ஜனங்களிடமிருந்து உயர்த்திக் காட்டும் ஒரு காட்சியாக ஆனது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டை நான் ஒத்துக்கொள்கிறேன். பட்டிமன்றத்துக்கும் இதே கதிதான். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழக மேடையில், கம்பனை வரிவரியாகத் தெரிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பாக ஒரு பாடலைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். இன்றைக்குப் பொங்கல், தீபாவளிக்கு டிவியில் வருவதில் மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? கணவனா மனைவியா என்று கேட்டு, இரண்டு பேரும்தான் என்று நடுவர் முடிப்பார் என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். கேட்பவனுக்கு மறுக்கும் உரிமை போன இடத்திலெல்லாம் பேச்சு இப்படித்தான் கெட்டுப்போயிருக்கிறது. பட்டிமன்றமாவது அது தன்னைக் கேளிக்கை என்று ஒத்துக்கொள்கிறது. மூத்த பேச்சாளர் மன்றம் அதையே 'தலைமைப் பண்பு' என்று விற்கிறது.

சரி, பதினைந்து பேர் சாயங்காலம் ஒரு அறையில் கூடித் தங்களுக்குள் பேசிக் கைதட்டிக்கொண்டால் உனக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆட்குறைப்பு. எங்கள் குழுவில் பதினொரு பேர். வீடியோ கால். அறிவித்தவர் இந்த மாதிரி மன்றங்களில் பல வருஷம் ஊறியவர், அறையில் கோப்பை எல்லாம் வைத்திருப்பார். ஆறு நிமிஷம் பேசினார். தன் அப்பாவின் கடை மூடப்பட்ட நாளிலிருந்து ஆரம்பித்தார். சரியான இடங்களில் நிறுத்தினார். 'நாம்' என்ற சொல்லை நிறையப் பயன்படுத்தினார், போகப்போவது அவர்கள் மட்டும்தான் என்றாலும். ஒரு 'ஆ' கிடையாது. கடைசியில், கேள்விகளை மெயிலில் அனுப்புங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார். ஏன் இந்தப் பதினொரு பேர், எந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்தீர்கள், நோட்டீஸ் காலத்துச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றில் ஒன்றுகூட அந்த ஆறு நிமிஷத்துக்குள் இல்லை. அரைமணி நேரம் கழித்து எங்கள் வாட்ஸாப் குழுவில், வேலை போன ஒருவனே எழுதினான்: "என்ன இருந்தாலும் மனுஷன் சூப்பரா பேசுறாருல்ல."

அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. நாங்கள் சண்டை போடவில்லை. நாங்கள் மதிப்பீடு செய்துகொண்டிருந்தோம். இடைவெளி நன்றாக இருந்தது, தொடக்கம் மனசைத் தொட்டது. தன்னை வெளியே தள்ளுகிற பேச்சை, தனக்குச் சம்பந்தமில்லாத போட்டிப் பேச்சைக் கேட்பதுபோலக் கேட்க ஒருவனால் முடிகிறது என்றால், அது அந்த மேலாளரின் திறமை மட்டும் கிடையாது. என்ன சொல்கிறார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு எப்படிச் சொல்கிறார் என்று மட்டும் கேட்கிற காதை நாம் எல்லா இடத்திலும் வளர்த்து வைத்திருக்கிறோம். யூடியூப் உரைகளில், கல்லூரி விழாக்களில், அலுவலக அப்ரைசல் படிவத்தில் 'கம்யூனிகேஷன்' என்ற கட்டத்தில். மூத்த பேச்சாளர் மன்றம் இந்தக் காதுக்கான நாற்றங்கால். அங்கே பேச்சாளன் கற்பதைவிடக் கேட்பவன் கற்பதுதான் அதிகம். அவன் கற்பது கேட்காமல் இருப்பதை. கன்டென்ட்டுக்குள்ள போக வேணாம் சார்.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் கேட்கும். நான் மாடியிலிருந்து கேட்பேன், பாதி புரியும், பாதி அரபு. குத்பா உரை கேட்கிறவனுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும் என்று பா. தாவூத் ஷா தன் 'தாருல் இஸ்லாம்' இதழில் வாதாடி எவ்வளவு எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார் என்பதைத் தமிழ்ப் பேச்சின் வரலாற்றில் சேர்த்து எழுத வேண்டும். அது யாருக்காகப் பேசுகிறோம் என்ற சண்டை. பள்ளிவாசலுக்குப் போய்வரும் நண்பன் ஒருமுறை சொன்னான்: பயான் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் ஆலிமை ஓரமாக நிறுத்தி, "ஹஜ்ரத், வட்டி விசயத்துல போன மாசம் வேற மாதிரியில்ல சொன்னீங்க?" என்று கேட்டாராம். ஆலிம் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இன்னும் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு மாதம் முன்பு சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிற கேட்பவர்! எந்த மன்றத்தில் இப்படி ஒரு பதவி இருக்கிறது? டைமர் இருக்கிறார், ஞாபகம் வைத்திருப்பவர் இல்லை. அதனால்தான் ஒரே ஒழுகும் கூரை மூன்று வருஷமாக மூன்று மன்றங்களில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

நான் நேரில் கேட்டதிலேயே சிறந்த பேச்சு எதுவென்று யாராவது கேட்டால், 2014-இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் வென்ற இலங்கையர் தனஞ்சய ஹெட்டியாராச்சியின் பேச்சை வீடியோவில் நாலு தடவை பார்த்தவன் என்ற முறையில், அதைப் பட்டியலில் இரண்டாவதாகக்கூடச் சேர்க்க முடியாது, அது நேரில் கேட்டதில்லை என்று தப்பித்துக்கொள்வேன். முதலாவது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் கடற்கரையின் கதை தெரியாதவர்களுக்காக: இந்தக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே கரை அரித்தது. நகரத்தைக் கருங்கல் கொட்டிக் காப்பாற்றினார்கள். கல் முடிகிற இடத்திலிருந்து அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று எங்கள் பக்கத்து மீனவக் குப்பங்கள் வரிசையாகக் கரையை இழந்தன. தூண்டில் வளைவு கேட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல் நடப்பது இங்கே அடிக்கடி பார்க்கிற காட்சி. அப்படி ஒரு மறியலில் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றேன். பேச்சுவார்த்தைக்கு அதிகாரி வந்தார். ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மா முன்னால் வந்தார். "சார்… நான் வந்து… வந்து சார்…" ஆ கவுன்ட்டருக்கு அங்கேயே விரல் தீர்ந்திருக்கும். பிறகு கையை நீட்டினார். "அந்தா தண்ணிக்குள்ள கருப்பா தெரியுதே, அது எங்க மாமியா வூட்டுக் கெணறு. நான் கண்ணாலம் ஆயி வந்தப்ப அதுல தண்ணி மொண்டேன். எங்க இருந்து எங்க வந்திருக்குன்னு அளந்து எழுதிக்குங்க. எழுதுற வரைக்கும் நான் இங்கியே நிக்கிறேன்."

அதிகாரி திரும்பிக் கடலைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு கருப்பு வளையம், அலை ஏறும்போது மறைந்து இறங்கும்போது தெரிந்தது. அவர் நோட்டை எடுத்தார். யாரும் கைதட்டவில்லை. அந்தப் பேச்சால் கல் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பேச்சால் கல் வராது. ஆனால் அந்த ஆள் அன்றைக்கு எழுத வேண்டியிருந்தது. அந்தம்மா கேட்டது அதைத்தான்.

மன்றக்காரர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, "ரா டேலன்ட் சார், கொஞ்சம் ஸ்ட்ரக்சர் மட்டும் கொடுத்தா எங்கேயோ போயிடுவாங்க" என்றார். எங்கே போக வேண்டும்? அவருக்கு அவர் கரையில் இருக்க வேண்டும்.

என் நண்பன் ஒருவன் இப்படிப்பட்ட மன்றத்தில் பொறுப்பில் இருக்கிறான், நல்லவன், இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்துவிட்டு, "திட்டுறது சுலபம்டா, என்னதான் பண்ணச் சொல்றே?" என்றான். நியாயமான கேள்வி. மன்றத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. புதியவர்களுக்கு இப்போது நடப்பது நடக்கட்டும். மூத்தவர்கள் கூடும்போது மட்டும் முதல் வேலையாகக் கைதட்டலை நிறுத்துங்கள். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், அந்த மௌனத்தில் எந்தப் பேச்சு நிற்கிறது என்று தெரியும். பேசி முடித்ததும் மதிப்பீட்டாளருக்குப் பதிலாக, கேட்டவர்களில் ஒருவர் எழுந்து இவர் என்ன சொன்னார் என்று தன் வார்த்தையில் சொல்லட்டும். பேசியவர் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லட்டும். பிறகு அது உண்மையா என்று பதினைந்து நிமிஷம் சண்டை போடுங்கள். பேச்சுக்கு முன்பும் பின்பும் வாக்கெடுங்கள், யாராவது ஒருவராவது பக்கம் மாறினாரா என்று பாருங்கள். பேச்சாளரே இல்லாத ஆட்களை வாரம் இரண்டு பேர் அழைத்து வந்து உட்கார வையுங்கள், பிடிக்கவில்லை என்றால் நடுவில் எழுந்து போகலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. அரசியலும் மதமும் வேண்டாம் என்று பல இடங்களில் ஒரு எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது. அதைக் கிழியுங்கள். மனிதர்கள் எதற்காகக் கோபப்படுவார்களோ அதைப் பற்றி அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவரை அனுபவமுள்ள பேச்சாளர் என்று எப்படிச் சொல்வது?

"இதெல்லாம் பண்ணா மெம்பர்ஸ் ஓடிடுவாங்கடா," என்றான்.

ஓடட்டும், ஓடுகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை. கோட்டக்குப்பம் நகராட்சி ஆகிவிட்டதால் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐந்து நிமிஷம் வண்டி ஓட்டினால் பக்கத்து ஊராட்சிகளில் உண்டு, போய் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் பேசலாம். சந்தா கிடையாது, முன்னனுபவம் கேட்க மாட்டார்கள். சொல்வது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் நீங்கள் தோற்றீர்கள். நம் மன்றத்து ஆட்கள் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் ஓட்டு இருக்கிறது. கிராம சபை நாட்களில் ஒன்று அக்டோபர் 2. குடிநீர்க் குழாய் பற்றியோ சுடுகாட்டுப் பாதை பற்றியோ ஐந்திலிருந்து ஏழு நிமிஷம். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கையோடு கொண்டுபோனாலும் தப்பில்லை, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.